யாருடைய சமூகம்? - 1265ஐ முன்வைத்துச் சில கேள்விகள்

உள்நாட்டுப் போர்களின் வரலாறு வென்றவர் / தோற்றவர் என்ற இருமைக்குள்ளேயே எழுதப்படுகிறது. மூன்றாவது ஆள் அங்கே இருந்தானா என்று யாரும் கேட்பதில்லை. இங்கிலாந்தின் பிரபுக்கள் போர் (1264-67) பற்றி ஒரு சனி, ஞாயிறு முழுக்க நடந்த உரைகளைக் கேட்டபோது எனக்குள் ஓடியது இதுதான்.

மூன்றாம் ஹென்றியின் தன்னிச்சைக்குக் கடிவாளம் போட 1258இல் ஆக்ஸ்ஃபோர்டில் பிரபுக்கள் விதிகள் வகுத்தார்கள். மன்னன் மீறினான். 1264 மே 14 அன்று லூயிஸ் போர்க்களத்தில் சைமன் டி மான்ஃபோர்ட் அவனைச் சிறைபிடித்தார். 1265 ஜனவரியில் அவர் கூட்டிய பாராளுமன்றத்தில் நைட்டுகளோடு நகரங்களின் பிரதிநிதிகளும் உட்கார்ந்தார்கள். ஆகஸ்ட் 4 அன்று ஈவ்ஷமில் இளவரசன் எட்வர்டின் படை சைமனைக் கொன்று உடலைச் சிதைத்தது. சனிக்கிழமை சைமன் ஜனநாயகத்தின் முன்னோடி; ஞாயிற்றுக்கிழமை தியாகி. வேறு இரண்டு செய்திகள் போகிற போக்கில் வந்துபோயின. எனக்கு முக்கியம் அவைதான்.

ஒன்று: ஈவ்ஷமுக்குச் சில நாட்கள் கழித்து, லெஸ்டர் பகுதியின் பீட்லிங் மாக்னா கிராமத்தார் மன்னர் தரப்புப் பிரபு பீட்டர் டி நெவிலின் ஆட்களையும் வண்டிகளையும் மறித்தார்கள். நீங்கள் நாட்டுச் சமூகத்தின் நலனுக்கும் பிரபுக்களுக்கும் எதிரானவர்கள் என்று அவர்கள் சொன்னதாகக் குற்றச்சாட்டு. 20 மார்க் தண்டம். பணத்துக்குப் பிணையாகப் போனவர்கள் சிறையில் கிடந்தார்கள். அந்த வழக்கால்தான் நமக்கு இது தெரியவருகிறது. கிராமத்தான் பேச்சு எதிரியின் குற்றச்சாட்டாகத்தான் ஆவணத்துக்குள் நுழைகிறது. சரி, 'நாட்டுச் சமூகம்' பிரபுக்கள் புழங்கிய சொல்லாச்சே, இவங்களை யார் அதுக்குள்ள சேர்த்தா? யாரும் சேர்க்கவில்லை. அவர்களே எடுத்துக்கொண்டார்கள்.

இரண்டு: 1231இலேயே லெஸ்டரிலிருந்து யூதர்களை விரட்டியவர் இதே சைமன். 1264இல் லண்டனில் அவர் ஆதரவாளர்கள் நூற்றுக்கணக்கான யூதர்களைக் கொன்றார்கள். பல நகரங்களில் கடன் பத்திரப் பெட்டிகள் குறிவைக்கப்பட்டன. கடனில் நிலமிழந்த சிறு நைட்டுகளின் கோபம் பொய்யில்லை. ஆனால் யூதர்களை வரியால் பிழிந்தவன் மன்னன். அந்தக் கடன் பத்திரங்களை மலிவாக வாங்கி நிலத்தை விழுங்கியவர்கள் அரசவைக்கு நெருக்கமானவர்கள். கோட்டைக்குப் போகவேண்டிய கோபம் பக்கத்துத் தெருவுக்குப் போனது.

ஆக, உழவன் உரிமை கொண்டாட முடிந்த அதே சொல்லுக்குள் யூதனுக்கு இடமில்லை. 'சமூகம்' என்ற சொல்லாடல் தனக்கென்று ஒரு மற்றமையைக் கட்டிக்கொண்டுதான் திரள்கிறது. சைமனைக் கொன்ற எட்வர்ட் மன்னனாகி 1290இல் யூதர்களை நாட்டைவிட்டே துரத்தினான். எல்லாவற்றிலும் மோதிக்கொண்ட இரு தரப்பும் இந்த ஒரு புள்ளியில் ஒன்றுதான்.

சைமனை நாயகனாக்குவதும் வில்லனாக்குவதும் சுலபம். இரண்டுமே தலைவர்களின் வரலாறுதான். 'மக்கள்' என்று முழங்குகிற எந்த இயக்கத்தையும் பார்த்து நாம் கேட்கவேண்டிய கேள்விகள் வேறு: அந்தச் சொல்லை அழைப்பில்லாமல் எடுத்துக்கொண்டவர்கள் யார்? அது திரண்டபோது யார் வீடு எரிந்தது? இரண்டையும் சேர்த்தே கேட்கவேண்டும்.