நாகியோஸ்: சோதனைகளின் கால நியமம்

ஈதன் கால்ஸ்டாட் என்பவரால் 1999-ஆம் ஆண்டில் நெட்செயின்ட் என்ற பெயருடன் வெளியிடப்பெற்று, 2002-இல் இன்றைய நாமத்தை அடைந்த நாகியோஸ், சர்வர்களின் க்ஷேமத்தைப் பின்னணியில் ஓயாது கண்காணிக்கும் நிரலாகும். இதன் பிரதான அமைப்புக் கோப்பில் கால அலகு சாதாரணமாக 60 விநாடியாதலால், ஒரு சேவையின் சோதனை இடைவெளியை 5 என்று குறித்தால் அது ஐந்து நிமிஷமாகவே கொள்ளப்படும். அலகை மாற்றினாலோ எல்லாச் சேவைகளின் இடைவெளியும் ஒருங்கே மாறிவிடுமாகையால், அதில் கை வைக்காதிருப்பதே விவேகம். எல்லாச் சேவைகளையும் ஒரே க்ஷணத்தில் சோதிக்கப் புகுந்தால் கண்காணிக்கும் கணினியே திணறிப்போகும் என்பது பற்றி, சராசரி இடைவெளியைச் சேவைகளின் தொகையால் வகுத்து, ஐந்து நிமிஷ இடைவெளியுடைய 1,000 சேவைகளாயின் 0.3 விநாடிக்கு ஒன்றாக ஆரம்பச் சோதனைகளைப் பரப்பிவைக்கும் உபாயம் இதில் உண்டு. ஒரே கணினியின் சேவைகள் அடுத்தடுத்து வாராதபடி இடைகலந்து நிறுத்துவதும் அதனைச் சார்ந்ததே. சேவை ஒரு முறை தவறிய மாத்திரத்தில், வழக்கமான அமைப்பில், அபாய அறிவிப்பு எழுவதில்லை. விதித்த எண்ணிக்கை வரை, தனியே குறித்த குறுகிய இடைவெளியில் மீண்டும் மீண்டும் சோதித்து, அப்போதும் குறை நீடித்தாலன்றி அது உறுதிநிலை எனக் கொள்ளப்படாது. நிர்வாகியின் நித்திரையைக் காப்பது பெரும்பாலும் இவ்விதியே. இவ்விதிகளை மாற்றத் திருத்திய அமைப்புக் கோப்பை நிரலைக் கொண்டே பிழை பார்த்த பின்னர் அந்நிரலை மறுபடி துவக்குதல் மரபு.