ஈபே ஏன் ஸ்கைப்பை வாங்கியது?

பழைய கேமரா வாங்கப் போனால், ஷட்டர் சத்தத்தைக் கேட்காமல் நான் காசு கொடுப்பதில்லை. 2005 செப்டம்பரில் இணைய ஏலத் தளமான ஈபே, இணையம் வழியே பேச உதவும் ஸ்கைப்பை 260 கோடி டாலருக்கு வாங்கியதற்கும் அத்தகைய நியாயம் இருந்தது. கார், நகை போன்ற விலை கூடிய பொருள்களுக்கு மின்னஞ்சல் போதாது. இரு தரப்பும் நேரில் பேசுவதுபோல் பேசினால் பேரம் சீக்கிரம் படியும் என்று தலைமை அதிகாரி மெக் விட்மன் நம்பினார்.

ஆனால் ஈபேயில் 1996 முதலே வேறொரு பிணை இருந்தது: முன்பு வாங்கியவர்கள் விற்றவருக்குத் தந்த மதிப்பீடு. அதைப் படித்தவர்கள் பேசாமலே ஏலம் கேட்டார்கள். 2007இல் ஈபே, ஸ்கைப் தொடர்பாகச் சுமார் 140 கோடி டாலரைச் செலவுக் கணக்கில் எழுதியது. 2009இல் ஸ்கைப்பின் பெரும்பங்கை விற்றது. இரண்டே ஆண்டில் மைக்ரோசாஃப்ட் ஸ்கைப்புக்கு 850 கோடி டாலர் கொடுத்தது. சரக்கு உயர்ந்ததுதான், அந்தச் சந்தைக்கு அது தேவைப்படவில்லை என்பதே என் முடிவு.