எண்ணெய் ஒழுகுவது யார் குற்றம்? – புல்லட் கியர்பாக்ஸை முன்வைத்துச் சில குறிப்புகள்

"நம்ம ஆளு கையில போனா எதுவுமே ஒழுகத்தான் செய்யும்." பழைய புல்லட் ஒன்றின் கீழே எண்ணெய்த் திட்டைப் பார்த்ததும் யாராவது ஒருத்தர் இதைச் சொல்லிவிடுகிறார். சொல்பவர் பெரும்பாலும் படித்தவராக, தன் வண்டியின் ஒரு நட்டைக்கூடக் கழற்றாதவராக இருக்கிறார். வெள்ளைக்காரன் செய்தவரை துப்பாக்கி மாதிரி இருந்த வண்டி, திருவொற்றியூருக்கு வந்து கெட்டுப்போனது என்பது இந்த வாக்கியத்தின் உள்ளே கிடக்கும் கதை. தமிழ் எம்.ஏ. படித்துவிட்டு விமர்சனம் எழுதுகிறவனுக்குக் கியர்பாக்ஸில் என்ன வேலை என்று கேட்கலாம். பழி சுமத்தும் ஒரு வாக்கியம் இவ்வளவு காலம் கேள்வி இல்லாமல் புழங்கும்போது அது எங்கிருந்து கிளம்பியது என்று தேடுவது நம் வேலைதான். இந்தத் தேடலுக்கான சான்று ஏட்டில் கிடைக்கவில்லை, எண்ணெயில் கிடைத்தது. அவ்வளவுதான்.

என்னிடம் இருப்பது எண்பதுகளில் செய்த 350 புல்லட், பழசாக வாங்கியது. கிளட்ச் வழுக்க ஆரம்பித்தது. கியர்பாக்ஸ் முனகியது. எண்ணெய் குறைகிறது என்று ஊற்றினேன், மறுபடியும் குறைந்தது. தரையிலோ சொட்டு இல்லை. எங்கே போகிறது? புதுப்பேட்டையில் ஒரு மெக்கானிக் இடப்பக்கத்துச் செயின் கவரைத் திறந்தார். இந்தக் கவரைப் பிடித்து நிறுத்துவது நடுவில் இருக்கிற ஒரே ஒரு பெரிய நட்டுதான். உள்ளே தேங்கி நின்றதில் விரலைத் தொட்டு மோந்து பார்த்தார். "கியர் ஆயில் தம்பி. கீழ ஒழுகல. வீடு மாறியிருக்கு." கியர் எண்ணெயில் கலந்திருக்கும் கந்தகச் சேர்மத்துக்கு ஒரு தனி நாற்றம் உண்டு, எஞ்சின் எண்ணெயில் அது வராது. எந்தக் கருவியும் இல்லாமல் ஒரு நொடியில் முடிந்த ஆய்வு அது.

வீடு மாறியது எப்படி என்று சொல்ல வேண்டும். வார்ப்பிரும்பு எஞ்சின் புல்லட்டுக்குள் மூன்று அறைகள். எஞ்சினும் அதற்குள்ளேயே அமைந்த எண்ணெய்த் தொட்டியும் ஒன்று. இடப்பக்கம் பிரைமரி செயினும் கிளட்சும் கிடக்கிற செயின் அறை இரண்டாவது. பின்னால் கியர்பாக்ஸ் மூன்றாவது. மூன்றுக்கும் தனித்தனி எண்ணெய், தனித்தனி அளவு. எஞ்சினின் சக்தி செயின் வழியாகக் கிளட்சுக்கு வந்து, அங்கிருந்து கியர்பாக்ஸுக்குள் போக வேண்டும். அதனால் கியர்பாக்ஸின் மெயின் ஷாப்ட் செயின் அறைக்குள் தலையை நீட்டிக்கொண்டிருக்கிறது. அது ஒரு குழல் கியருக்குள் சுற்றுகிறது. இரண்டுக்கும் நடுவே புஷ் உண்டு, சீல் கிடையாது. போதாததற்கு மெயின் ஷாப்டே நடுவில் துளையிட்டது. வலப்பக்கத்திலிருந்து கிளட்சைத் தள்ளுகிற புஷ் ராடு அந்தத் துளைக்குள் ஓடுகிறது. வண்டி சூடானால் கியர்பாக்ஸுக்குள் இருக்கும் காற்று விரிகிறது, எண்ணெய் இளகுகிறது, இந்த இரண்டு வழியாகவும் மெல்ல நகர்ந்து கிளட்ச் பக்கம் போய்ச் சேர்கிறது. புஷ் தேயத் தேய வழி அகலமாகிறது.

அறைகள் ஏன் மூன்றாகப் பிரிந்தன? இதைப் பொறியியல் என்று மட்டும் வாசித்தால் பாதிதான் கிடைக்கும். இங்கிலாந்தின் மோட்டார் சைக்கிள் தொழில் வளர்ந்த முறையே அப்படி. எஞ்சின் ஒருத்தரிடம், கியர்பாக்ஸ் இன்னொருத்தரிடம், கார்புரேட்டர் வேறொருத்தரிடம். ரெட்டிட்சில் இருந்த ராயல் என்ஃபீல்டு தன் எஞ்சினைத் தானே செய்தது. கியர்பாக்ஸ் மட்டும் பர்மிங்ஹாமின் அல்பியன் கம்பெனியிடமிருந்து வந்தது. அல்பியன் இன்னும் பல கம்பெனிகளுக்கும் பெட்டி செய்து கொடுத்தது. 1940களின் கடைசியில் வந்த புதிய புல்லட்டில் அந்தப் பெட்டியை எஞ்சினின் முதுகில் போல்ட் போட்டு இறுக்கினார்கள். ஒட்டிக்கொண்டன, ஒன்றாகவில்லை. இரண்டு கம்பெனிகளுக்கு நடுவே இருந்த வியாபார எல்லைதான் வண்டிக்குள் உலோகச் சுவராக நின்றது என்று நான் வாசிக்கிறேன். எண்ணெய் கடந்துபோனது அந்த எல்லையைத்தான்.

இது ரெட்டிட்ச் வரைபடத்திலேயே இருந்த விஷயம் என்பதற்கு வேறு சான்றும் உண்டு. அந்தக் காலத்து அல்பியன் பெட்டிகள் பலவற்றுக்கு இளகின கிரீஸ் போடச் சொல்லியிருந்தார்கள். எண்ணெய் நிற்காத இடத்தில் கிரீஸ் நிற்கும் என்பது செய்தவர்களுக்கே தெரிந்திருந்தது. "ராயல் ஆயில்ஃபீல்டு" என்று அந்த வண்டிகளைக் கேலி செய்தது யார்? பிரிட்டிஷ் ஓட்டுநர்களே. கேலி உள்ளூர்க்காரனைப் பற்றி இருந்தவரை அது வண்டியைப் பற்றிய நகைச்சுவையாக இருந்தது.

இந்திய ராணுவம் 1954இல் 800 புல்லட்டுகளுக்கு ஆர்டர் கொடுத்தது. எல்லைக் காவலுக்குத்தான். 1955இல் மெட்ராஸ் மோட்டார்ஸோடு கூட்டு சேர்ந்து என்ஃபீல்டு இந்தியா தொடங்கியது. முதலில் அங்கிருந்து வந்த பாகங்களை இங்கே பூட்டினார்கள். 1957இல் அச்சுகளும் கருவிகளும் வந்தன. 1962வாக்கில் எல்லாப் பாகமும் இங்கேயே. ரெட்டிட்ச் ஆலை 1967இலும், பிராட்ஃபோர்ட்-ஆன்-ஏவனில் இருந்த மிச்சம் 1970இலும் மூடப்பட்டன. தாய் செத்துப்போக, குழந்தை பழைய வரைபடத்தோடு ஒற்றையாக நின்றது. 1977இல் அதே வண்டி இங்கிலாந்துக்கே ஏற்றுமதியானபோது, ஒழுகல் "இந்தியத் தர"மாகப் பெயர் மாறியது. அதே பெட்டி, அதே புஷ், அதே புஷ் ராடு. மாறியது தொழிலாளியின் நிறம்.

சென்னை வண்டிகளில் குறையே இல்லை என்று நான் வாதாடவில்லை. சொரசொரப்பான வார்ப்பு, சமமாகாத முகப்பு, சீக்கிரம் தேய்கிற புஷ் எல்லாம் இருந்தன. வரைபடத்தின் குறையை இவை பெரிதாக்கின. ஆனால் பெரிதாக்கியவனையே உண்டாக்கியவனாக்குவது வேறு அரசியல். ஒப்பிட ஒன்று: 2017 மாடல்களிலிருந்து வந்த ஹார்லி டேவிட்சனின் மில்வாக்கி-எய்ட் எஞ்சின் வண்டிகள் சிலவற்றிலும் இதே மாதிரி கியர்பாக்ஸ் எண்ணெய் புஷ் ராடு வழியாகப் பிரைமரிக்குள் போனது. அங்கே பேச்சு முழுக்க அழுத்தம், காற்றுவழி, மாற்றியமைத்த பாகம் என்றே ஓடியது. அமெரிக்கத் தொழிலாளி கை சரியில்லை என்ற வாக்கியம் என் காதில் விழவில்லை.

சரி, இதைக் கையாள்வது எப்படி? புதுப்பேட்டையும் ஜெனரல் பேட்டர்ஸ் ரோடும் இதற்குப் பல பத்தாண்டுகளாகப் பதில் வைத்திருக்கின்றன. எந்தப் புத்தகமும் அதை அறிவு என்று எண்ணவில்லை, கைப்பழக்கம் என்று தள்ளிவிட்டது. முதல் விதி: குறைகிற அறையில் ஊற்றிக்கொண்டே இருக்காதே, மூன்றையும் வடித்து அளந்து பார். ஒன்றில் குறைந்தது இன்னொன்றில் கூடியிருந்தால் வழி தெரிந்துவிடும். செயின் அறையில் கூடியது கந்தக நாற்றம் அடித்தால் கியர்பாக்ஸிலிருந்து, அடிக்காவிட்டால் எஞ்சினிலிருந்து. எஞ்சினிலிருந்து வருவதற்குத் தனிக் காரணம் உண்டு. வண்டி பல நாள் நின்றால் தொட்டி எண்ணெய் பம்ப் வழியாகக் கசிந்து கிராங்க் அறையை நிரப்பும், அங்கிருந்து கிராங்க் ஷாப்ட் ஓரமாகச் செயின் பக்கம் ஏறும். அப்படி நின்ற வண்டியை உதைத்ததும் வருகிற வெள்ளைப்புகையைப் பார்த்து ரிங் போச்சு என்று எஞ்சினைப் பிரித்துக் காசு விட்டவர்கள் எத்தனையோ பேர்.

கியர்பாக்ஸிலிருந்துதான் என்றால், மட்டத்துக்கு மேல் ஊற்றக் கூடாது. பெட்டி மூச்சுவிடும் வழி அழுக்கால் அடைபட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அடைத்திருந்தால் சூடான காற்று எண்ணெயைத் தள்ளிக்கொண்டுதான் வெளியேறும். மெயின் ஷாப்டை மேலும் கீழும் ஆட்டிப் பார்த்து, ஆட்டம் இருந்தால் புஷ் மாற்ற வேண்டும். புஷ் மாற்றாமல் சீலை மட்டும் மாற்றினால் ஆட்டம் புதுச் சீலையும் தின்றுவிடும். கவரைச் சுற்றி ஷெல்லாக் அப்புவதால் பயனில்லை, எண்ணெய் போவது கவர் வழியாக இல்லையே. பிறகு அந்தப் பழைய மருந்து: கிரீஸ். எண்ணெயோடு கிரீஸ் கலந்து போடுகிறவர்கள் உண்டு, கூழ் பதத்தில் இருக்கும் 00 கிரீஸை மட்டும் போடுகிறவர்களும் உண்டு. சக்கர பேரிங்குக்குப் போடும் கெட்டி கிரீஸைத் திணித்துவிடக் கூடாது. கியர்ப் பல் அதில் பள்ளம் பறித்துவிட்டு வெறுமனே சுற்றும், கிரீஸ் ஓரத்திலேயே உறைந்து நிற்கும்.

வேறு வண்டிகள் வேறு வழி போயின. மைசூரில் செய்த ஜாவா, எஸ்டியில் கிளட்சும் கியர்பாக்ஸும் ஒரே எண்ணெயில். அங்கே இந்தச் சண்டையே இல்லை (கிராங்க் சீல் போனால் எஞ்சினே கியர் எண்ணெயை உறிஞ்சிக் குடித்துப் புகைவிடும், அது தனிக்கதை). ஜப்பானியர் மூன்றையும் ஒரே எண்ணெயில் நனைத்தார்கள். 1969இன் ஹோண்டா சிபி 750 அப்படித்தான். டிரையம்ப் 1963இல் தன் 650 வண்டிகளின் எஞ்சினையும் கியர்பாக்ஸையும் ஒரே கூட்டில் வார்த்தது. ஆனால் உள்ளே எண்ணெய்ச் சுவர்களை இடிக்க மனம் வரவில்லை. புல்லட்டுக்கு அந்த இடிப்பு 2008க்கும் 2010க்கும் இடையில்தான் வந்தது. புதிய எஞ்சினில் எஞ்சின், கிளட்ச், கியர் எல்லாவற்றுக்கும் ஒரே எண்ணெய். எல்லையே இல்லாத இடத்தில் எண்ணெய் எங்கே குடிபெயரும்? பதிலுக்கு, கிளட்ச் தூளும் கியர்த் துகளும் எஞ்சின் எண்ணெயிலேயே சுற்றுகின்றன. வடிகட்டியை ஒழுங்காக மாற்றாதவனுக்கு அது வேறு செலவு.

என் வண்டிக்குப் புஷ் மாற்றி, 00 கிரீஸ் போட்டாயிற்று. கிளட்ச் பிளேட்டுகளைப் பெட்ரோலில் கழுவிக் காயவைத்து மாட்டினார். கூலி வாங்கும்போது ஒன்று சொன்னார்: "ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டிட்டு செயின் கவர திறந்து மோந்து பாருங்க. நீங்களே பாருங்க, என்கிட்ட வராதீங்க." நேற்றுத் திறந்தேன். நாற்றம் இருக்கிறது, முன்னைவிடக் குறைவு.