கோவளம் (செங்கல்பட்டு மாவட்டம்)

கோவளம், சென்னைக்குத் தெற்கே சுமார் 40 கி.மீ. தொலைவில் கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டியுள்ள மீனவர் ஊர். திருப்போரூர் ஒன்றியத்தில் அடங்கியது. கேரளத்துக் கோவளமும் கன்னியாகுமரிக் கோவளமும் வேறு. ஊருக்கு வடக்கே முட்டுக்காட்டு உப்பங்கழி கடலில் கலக்கிறது. 

தென்சென்னைப் புறநகரின் மழைநீருக்கு இந்த முகத்துவாரம் ஒரு முக்கிய வடிகால். மேற்குத் தாம்பரம், முடிச்சூர்ப் பக்கத்து நீர் அடையாற்றுக்குப் போகிறது. சேலையூர், ராஜகீழ்ப்பாக்கம், செம்பாக்கம், சிட்லபாக்கம் ஏரிகளின் உபரிநீரோ பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தில் சேர்ந்து, ஒக்கியம் மடுவு வழியே பக்கிங்காம் கால்வாயில் இறங்கி, தெற்கே ஓடி, கோவளத்தில் கடலை அடைகிறது. தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் அலைகள் கரையோர மணலை வடக்கே தள்ளும். முகத்துவாரம் தூர்ந்து மணல்திட்டு எழும். ஐப்பசி மழைக்கு முன் அதை வெட்டித் திறந்துவிடாவிட்டால் வெள்ளம் பின்வாங்கிப் பழைய மாமல்லபுரம் சாலைப் பக்கத்துக் குடியிருப்புகளில் தேங்கும். 2015 டிசம்பர் முதல் தேதி ஒரே நாளில் தாம்பரத்தில் 49 செ.மீ. மழை கொட்டியபோது, வடிய வழி எது என்ற கேள்வி இந்த முகத்துவாரத்தையும் சுட்டியது. கோவளத்துக்குத் தெற்கே நெம்மேலியில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் 2013 முதல் இயங்குகிறது. மழைநீரைக் கடலுக்கு அனுப்பிவிட்டு, சற்றுத் தள்ளி அதே கடலிலிருந்து பெருஞ்செலவில் குடிநீர் எடுப்பது விந்தையான ஏற்பாடுதான்.

18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கே வணிகச்சாலை வைத்தவர்கள் இன்றைய பெல்ஜியத்தின் ஆஸ்டெண்டு துறைமுகத்துக் கம்பெனியார். அவர்கள் ஆவணங்களில் ஊர்ப்பெயர் ‘கபெலோன்’. புனித ரோமப் பேரரசர் ஆறாம் சார்லஸ் 1722இல் அவர்களுக்கு அளித்த பட்டயம் ஐந்தே ஆண்டில் நிறுத்திவைக்கப்பட்டது. பிறகு ஆர்க்காட்டு நவாப் அன்வருத்தீன் சாதத் பந்தர் என்ற கோட்டையை எழுப்பினார். 1750இல் பிரெஞ்சுக்காரர்கள் அதைத் தந்திரமாகப் பிடித்தார்கள். கப்பலில் நோயாளிகள் இருப்பதாகச் சொல்லிக் கோட்டைக்குள் இடம் கேட்டு, இரவில் எழுந்து காவலரை மடக்கினார்கள் என்கிறது ராபர்ட் ஓர்மின் வரலாறு. 1752இல் ஆங்கிலேயத் தளபதி ராபர்ட் கிளைவ் அதை முற்றுகையிட்டார். அவருடன் வந்த வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பயிற்சியற்ற புதியவர்கள்; குண்டு விழுந்ததும் சிதறி ஓடினார்கள், ஒருவன் கிணற்றின் அடியில் ஒளிந்துகொண்டான். ஆனாலும் கோட்டை விழுந்தது; பின்னர் தகர்க்கப்பட்டது. பலரும் இதை டச்சுக் கோட்டை என்கிறார்கள். மேற்சொன்ன வரலாற்றில் டச்சுக்காரர்களுக்கு இடமில்லை. அந்தப் பகுதியில் 1974 முதல் தாஜ் குழுமத்தின் கடற்கரை விடுதி நடக்கிறது.

நபித்தோழர் தமீமுல் அன்சாரி அடங்கிய இடமாக நம்பப்படும் தர்காவுக்குப் பல மதத்தவரும் வருகிறார்கள். சென்னைப் பெருவணிகர் ஜான் டி மான்டி 1821இல் இறந்தபின் இங்குள்ள கார்மேல் மாதா கோயிலில் அடக்கம் செய்யப்பட்டார்.

மீன்பிடிப்புக் கடலிலும் கழியிலும் நடக்கிறது. கழியில் மடவை, கிழங்கான், கொடுவா, இறால், நண்டு கிடைக்கும். வலையில்லாமல் கையால் துழாவி இறால் பிடிப்பது இருளர்களின் திறமை. முட்டுக்காட்டில் மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆய்வு நிறுவனத்தின் சோதனை நிலையம் உள்ளது. 1997இல் அந்த நிறுவனம் கொடுவாவைச் செயற்கையாக இனப்பெருக்கம் செய்வித்து, பண்ணைக்காரர்கள் கடற்குஞ்சுகளை நம்பியிருந்த நிலையை மாற்றத் தொடங்கியது. தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் படகுக் குழாமும் 1996இல் திறக்கப்பட்ட தட்சிணசித்திரா அருங்காட்சியகமும் முட்டுக்காட்டில்தான். கோவளக் கடற்கரை 2021இல் நீலக்கொடிச் சான்று பெற்றது. அலைச்சறுக்கு இங்கே வேரூன்றியதும் மீனவ இளைஞர்களால்தான். பயிற்சி தருபவர்களில் பலர் உள்ளூர்க்காரர்கள்.