அரிசிக்குப் பதில் சிறுதானியம்: மாறினால் மட்டும் போதுமா?

ராகி பிஸ்கட், கம்பு நூடுல்ஸ், மல்டிகிரெய்ன் பிரெட். ஐ.நா.வின் சர்வதேச சிறுதானிய ஆண்டான 2023-க்குப் பிறகு சூப்பர் மார்க்கெட் அலமாரிகளில் இவை பெருகிவிட்டன. அரிசியை விட்டுட்டு இதுக்கு மாறிட்டா சுகர் பயம் இல்லை என்று பலரும் நினைக்கிறோம். ஆனால் டேட்டா அப்படிச் சொல்லவில்லை.

ஐசிஎம்ஆர்-இண்டியாப் என்பது சென்னை நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளை முன்னின்று நடத்திய நாடு தழுவிய ஆய்வு. 2023-இல் வெளியான அதன் கணக்குப்படி இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்கு சர்க்கரை நோய், இன்னும் 13.6 கோடிப் பேர் அதன் வாசலில். அதே ஆய்வின் உணவுத் தரவுகள் 2025-இல் வந்தன. நாம் சாப்பிடும் கலோரியில் சுமார் 62% மாவுச்சத்திலிருந்துதான் வருகிறது. வெள்ளை அரிசிக்குப் பதில் கோதுமை மாவு, சிறுதானிய மாவு என்று மாற்றுவதோடு மட்டும் ஆபத்து குறைவது தெரியவில்லை. மொத்த மாவுச்சத்தைக் குறைத்து, அந்த இடத்தில் பருப்பு, பால் போன்றவற்றின் புரதம் வந்தபோதுதான் வித்தியாசம் தெரிந்தது.

அப்போ 'முழு உணவு' சும்மாவா?

இல்லை. தவிடு, முளை நீக்காத தானியம், முழுப் பயறு, கீரை, காய், பழம், முட்டை, மீன் எல்லாமே முழு உணவுதான். தானியத்தை நைசாக அரைத்தால் அதன் கட்டமைப்பு உடைந்து, சர்க்கரை ரத்தத்தில் வேகமாகச் சேரும். தினை, சாமையிலும் பாலிஷ் போட்டால் தவிடு போயிடும். பெயர் மட்டும்தான் சிறுதானியம்!

பாக்கெட் உணவு பற்றி அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனம் 2019-இல் வெளியிட்ட சோதனை ஒன்று உண்டு. 20 பேருக்கு இரண்டு வாரம் அதீதமாகப் பதப்படுத்திய உணவு, இரண்டு வாரம் பதப்படுத்தாத உணவு. கொடுத்த கலோரி, சர்க்கரை, கொழுப்பு, நார்ச்சத்து எல்லாம் ஒரே அளவு. எவ்வளவு சாப்பிடுவது என்பது அவரவர் விருப்பம். முதல் வகையில் தினமும் சுமார் 500 கலோரி கூடுதலாக உள்ளே போனது. எடையும் ஏறியது. சின்ன ஆய்வுதான், குறுகிய காலம்தான். ஆனாலும் அலட்சியப்படுத்த முடியாது.

தட்டில் எவ்வளவு?

ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் தந்த கணக்கு, 2,000 கலோரி தேவைப்படுபவருக்கு ஒரு நாளைக்கு: தானியம் 250 கிராம், பருப்பு 85 கிராம், கீரை உட்பட காய்கறி 400 கிராம், பழம் 100 கிராம், கொட்டைகள்-விதைகள் 35 கிராம், பால் அல்லது தயிர் 300 மில்லி. எல்லாம் சமைக்கும் முன் உள்ள எடை. காலை இட்லி, மதியச் சோறு, இரவுச் சப்பாத்தி மூன்றும் அந்த 250-க்குள் அடங்கணும்.

மெஸ் சாப்பாட்டை நினைத்துப் பாருங்கள். இரண்டாவது முறை சோறு கேட்டால் உடனே வரும். பொரியல் கேட்டால் ஒரு கரண்டி. காரணம் விலை. ரேஷனிலும் இதே கதைதான். தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் சுமார் 80 கோடிப் பேருக்கு மாதம் 5 கிலோ தானியம் இலவசம்; காய்கறிக்கு அவரவர் பாக்கெட். இதைக் கணக்கில் எடுக்காமல் 'நல்லா சாப்பிடுங்க' என்று அறிவுரை சொல்வது எளிது.

செய்யக்கூடியது: ஒரு கரண்டி சோற்றைக் குறைத்து, சுண்டலோ முட்டையோ சேர்க்கலாம். சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் டாக்டரிடம் கேட்காமல் சோற்றைத் திடீரென வெட்ட வேண்டாம். சர்க்கரை ரொம்பவே இறங்கிவிடலாம். பாக்கெட் வாங்கினால் பின்பக்கம் பாருங்கள். சேர்மானங்களை அதிக அளவில் உள்ளதிலிருந்து வரிசையாகப் போட வேண்டும் என்பது விதி. ராகி பிஸ்கட்டில் முதல் பெயர் மைதா என்றால், அது மைதா பிஸ்கட்.