பிராரப்தமும் பேரேடும்: அத்வைதத்தில் விதியும் முயற்சியும், மலையகத் தோட்டங்களை முன்வைத்து

இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் உழைத்த மலையகத் தமிழரின் துயர வரலாற்றுக்கு ‘விதி’ என்று காரணம் சொல்வோர் இரு வகையினர். துயரப்பட்டவர்களே தம்மைப் பற்றி, தலையெழுத்து, போன சென்மத்துப் பாவம் என்று சொல்லிக்கொள்வது ஒன்று. அவர்களைப் பற்றி மற்றவர்கள் அப்படிச் சொல்வது இன்னொன்று. இரண்டும் ஒரே கூற்றுப் போலத் தோன்றினாலும் தத்துவ நோக்கில் ஒன்றல்ல. இரண்டாவது வகைக் கூற்றுக்கு அத்வைத வேதாந்தத்தின் பிராரப்தக் கோட்பாட்டை ஆதாரம் காட்டுவோர் உண்டு. அதே காரணத்தால் அத்வைதத்தையே கைகட்டி நிற்கும் தத்துவம் என்று ஒதுக்கும் முற்போக்காளரும் உண்டு. ஆதரிப்பவரும் எதிர்ப்பவரும் ஒரு முற்கோளில் உடன்படுகிறார்கள்: எல்லாம் முன்பே தீர்ந்தது, மனித முயற்சிக்கு இடமில்லை என்பதே அத்வைதத்தின் முடிவு என்பது அது. அந்த முற்கோள் தவறு என்பதே என் வாதம். அத்வைதிகள் பிராரப்தத்தை ஞானி தன் உடலைக் குறித்துத் தரும் விளக்கமாகவே வகுத்தார்கள். ஒருவர் இன்னொருவரின் கூலியையும் குடியிருப்பையும் குடியுரிமையையும் குறித்துத் தீர்ப்புச் சொல்லும் கருவியாக அதை வகுக்கவில்லை.

கோட்பாடு எந்தக் கேள்விக்கு விடையாகப் பிறந்தது என்பதிலிருந்து தொடங்குவது நல்லது. வினையைச் சஞ்சிதம் (சேர்ந்து கிடப்பது), பிராரப்தம் (பலன் தரத் தொடங்கியது), ஆகாமியம் (இனிச் சேர்வது) என மூன்றாகப் பகுப்பது வழக்கம். ஞானம் வந்ததும் வினையெல்லாம் எரிந்துவிடும் என்றால், ஞானியின் உடல் அந்தக் கணமே விழ வேண்டுமே, ஏன் விழவில்லை? பிரம்ம சூத்திரத்தின் நான்காம் அத்தியாயத்துக்கான உரையில் (4.1.15) சங்கரர் எதிர்கொள்ளும் சிக்கல் இதுதான். பலன் தரத் தொடங்காத வினை ஞானத்தால் அழியும். தொடங்கிவிட்ட வினை தன் வேகம் தீரும்வரை ஓடும் என்பது அவர் விடை. வில்லைவிட்டுப் போன அம்பு இதற்குரிய வழக்கமான உவமை. ஆக, பிராரப்தம் என்பது எஞ்சி நிற்கும் ஓர் அனுபவத்துக்கான கணக்கு. உலகில் நடப்பவை அனைத்துக்கும் முன்கூட்டி எழுதிவைத்த திட்டம் என்று அதை விரிப்பதற்கு மூலத்தில் இடமில்லை.

செயல்படுபவன் யார் என்பதை அதே நூலின் இரண்டாம் அத்தியாயம், மூன்றாம் பாதம் நேரடியாகவே ஆராய்கிறது. சீவன் கர்த்தா என்பதை 2.3.33 நிறுவுகிறது, இல்லையேல் ‘இதைச் செய், இதைச் செய்யாதே’ என்னும் சாத்திரத்துக்குப் பொருளே இல்லாமற் போகும் என்பது காரணம். பிறகு 2.3.41 அந்தக் கர்த்திருத்துவமே ஈசுவரனைச் சார்ந்தது என்கிறது. இங்கே நிறுத்திவிட்டால் விதிவாதம் வென்றுவிட்டது போலத் தோன்றும். பலர் இங்கேதான் நிறுத்துகிறார்கள். ஆனால் அடுத்த சூத்திரம் உடனே திருத்துகிறது: ஈசுவரன் சீவன் செய்த முயற்சியை நோக்கியே செயல்படுத்துகிறான். சங்கரர் இதற்கு மழையைச் சான்றாக்குகிறார். மழை எல்லாப் பயிருக்கும் பொதுக் காரணம். நெல் நெல்லாகவும் புல் புல்லாகவும் முளைப்பது வித்தைப் பொறுத்தது. மழையின்றி முளை இல்லை. ஆயினும் முளைகளுக்குள் இருக்கும் வேறுபாட்டை மழையின் மேல் ஏற்ற முடியாது.

இந்தப் பாகுபாட்டைத் திம்புள்ளப் பகுதியின் மலைகளில் வைத்துப் பார்த்தால் அதன் கூர்மை தெரியும். ஹட்டனுக்கும் நுவரெலியாவுக்கும் இடைப்பட்ட இந்தச் சரிவுகளில் சனவரி முதல் மார்ச் வரை வறண்ட குளிர்காற்று வீசும். தளிர் மெல்ல வளரும்; அப்படி வளர்வதாலேயே மணம் ஏறும். திம்புள்ளத் தேயிலைக்குப் பேர் வாங்கித் தரும் பருவம் இதுதான். ஆனால் கூடைக்கு வரும் கொழுந்து குறையும். தோட்டம் குறித்த கிலோ நிறையவில்லை என்றால் பறித்தவளுக்கு முழுப்பேர், அதாவது முழு நாட்கூலி, விழாது, அரைப்பேர்தான். தேயிலை சிறந்து நிற்கும் வாரங்களிலேயே அதைப் பறித்தவளின் நாட்கூலி பாதியாகிறது. காற்றையும் குளிரையும் அவள் தேர்ந்தெடுக்கவில்லை, தோட்டத்துரையும் தேர்ந்தெடுக்கவில்லை. அவற்றைத் தெய்வச் செயல் என்றால் வேதாந்தி மறுக்கமாட்டான். அரைப்பேர் அப்படிப்பட்டதா? அது ஒரு விதிமுறை. ஒருவர் வகுத்தார், இன்னொருவர் நிறுவையில் நின்று சாக்குக்கும் ஈரத்துக்கும் கழித்துப் பேரேட்டில் பதிந்தார். சங்கரரின் மொழியில் சொன்னால் இவை மழையின் பக்கம் சேர மாட்டா. வித்தின் பக்கம் சேர்பவை. பொதுக் காரணத்தையும் சிறப்புக் காரணத்தையும் ஒன்றாகக் குழப்புவதே தோட்டத்து விதிவாதத்தின் அடிப்படைப் பிழை.

என் வாதத்துக்கு எதிரான வலுவான சான்று அத்வைத மரபுக்குள்ளேயே இருக்கிறது. பதினான்காம் நூற்றாண்டின் வித்தியாரண்யர், பஞ்சதசியின் ஏழாம் பிரகரணத்தில், கட்டாயம் வந்தே தீரும் துன்பத்தைத் தடுக்க முடியுமானால் நளனும் இராமனும் தருமனும் துன்புற்றிருக்கவே மாட்டார்கள் என்று வாதிடுகிறார். இதைவிடத் தெளிவான விதிவாதம் உண்டா என்று கேட்கலாம். ஆனால் அவர் எடுத்துக்காட்டும் மூவரையும் கவனியுங்கள். காட்டுக்குப் போனபின் இராமன் கையைக் கட்டிக்கொண்டு உட்காரவில்லை. சேனை திரட்டினான், கடலில் அணை கட்டினான். தருமன் தூது அனுப்பினான், தூது பலிக்காதபோது போரிட்டான். நளன் சூதின் நுட்பத்தைக் கற்றுத் திரும்ப ஆடி நாட்டை மீட்டான். வந்த துன்பம் தவிர்க்க முடியாததாக இருந்தது என்பதிலிருந்து அது நிலைக்க வேண்டும் என்ற முடிவு பெறப்படுவதில்லை. மேலும், அதே பிரகரணம் பிராரப்தத்தை மூன்றாக வகுக்கிறது: தன் இச்சையால் வருவது, இச்சையின்றி வருவது, பிறர் இச்சையால் வருவது. மூன்றாவதான பரேச்சைப் பிராரப்தம் நம் ஆய்வுக்கு மிக முக்கியம். போதிய கவனம் பெறாத வகையும் அதுவே. ஒருவரது துன்பம் அவரது பிராரப்தம் என்று ஒப்புக்கொண்ட பிறகும், அது இன்னொருவரின் இச்சை வழியாக வந்தது என்பதை இந்த வகை அழிக்காமல் வைத்திருக்கிறது. அந்த இச்சை உடையவன் கர்த்தா. அவன் செயல் அவனுக்கு ஆகாமியம். எனவே தொழிலாளியின் வினை என்ற விளக்கம் துரையையோ, ஆட்களைத் திரட்டி மேற்பார்த்த கங்காணியையோ ஒருபோதும் விடுவிப்பதில்லை.

அதே ஆசிரியரின் பெயரில் வழங்கும் சீவன்முத்தி விவேகம் இன்னும் ஒருபடி மேலே போகிறது. தத்துவ ஞானத்தைவிடப் பிராரப்தம் வலியது, பிராரப்தத்தைவிட யோக முயற்சி வலியது என்று அது வரிசைப்படுத்துகிறது. இதற்கு அது துணைக்கொள்ளும் யோக வாசிட்டம், தமிழில் ஞானவாசிட்டமாக வழங்குவது. தெய்வம் எனப்படுவது முன்பு செய்த முயற்சியே அன்றி வேறில்லை என்றும், இன்றைய முயற்சி அதை வெல்லும் என்றும் வசிட்டர் இராமனுக்குச் சொல்லும் பகுதி அந்நூலின் முமுட்சு பிரகரணத்தில் நீண்டு செல்கிறது. விதியை நம்பிச் சோம்பியிருப்பவனை அவர் சாடும் கடுமை, அத்வைத நூல்களைப் படிக்காமலே அவற்றைச் சாடுவோருக்கு வியப்பளிக்கும்.

அடுத்த மறுப்பு நமக்கு நெருங்கியது, தமிழிலேயே எழுந்தது. 1898 டிசம்பரில் மகனை வீட்டுக்கு அழைக்கத் திருவண்ணாமலை வந்த அழகம்மாளுக்கு, மௌனத்திலிருந்த இரமணர் தாளில் எழுதிக் காட்டிய விடை புகழ்பெற்றது: நடக்காதது எவ்வளவு முயன்றாலும் நடவாது, நடப்பதை எவ்வளவு தடுத்தாலும் நில்லாது என்பது அதன் சாரம். பிற்காலத்தில் அவருடைய அடியார் தேவராச முதலியார், ஒரு விசிறியை எடுத்து வைப்பது போன்ற சிறு செயலும் முன்பே தீர்மானிக்கப்பட்டதா என்று கேட்டபோதும் அவர் ஆம் என்றார். இவ்விரண்டையும் மட்டும் பிரித்தெடுத்தால் கடும் நியதிவாதம்தான் கிடைக்கும். ஆனால் முதலாவது, தன்னை அழைத்த தாய்க்கு ஒரு துறவி தன் உடலைக் குறித்துத் தந்த விடை. இரண்டாவதிலும் அவர் அத்தோடு நிற்கவில்லை. உடலை நான் என்று கொள்ளாதிருக்கும் சுதந்திரம் எப்போதும் உண்டு என்று சேர்த்தே சொன்னார். உள்ளது நாற்பதின் பத்தொன்பதாம் பாடல் விதி, மதி என்ற வழக்கையே அவ்விரண்டுக்கும் மூலமான ஒன்றை அறியாதவர்களின் வழக்கு என்று தள்ளுகிறது. வழக்கு தள்ளுபடியானால் விதியின் பக்கமும் தீர்ப்பு இல்லை. இறுதி உண்மை நிலையான பாரமார்த்திகத்தில் கர்த்தா இல்லை என்பவன் அங்கே கூலி கொடுப்பவனும் இல்லை, பெறுபவனும் இல்லை என்றே சொல்ல வேண்டும். கொடுப்பவனின் உரிமையை நடைமுறை நிலையான வியவகாரத்தில் வைத்துக்கொண்டு, பெறுபவனின் கோரிக்கையை மட்டும் பாரமார்த்திகத்துக்கு அனுப்புவது தத்துவம் ஆகாது. அது மோசடி.

இந்த மோசடி வெறும் கற்பனை அல்ல என்பதற்குத் துண்டு முறையே சாட்சி. ஒரு தோட்டத்திலிருந்து இன்னொன்றுக்குப் போகும் தொழிலாளர் கூட்டத்தின் பேரில் நிற்கும் கடனைக் குறித்துத் தோட்டத்துரை கொடுத்த சீட்டே துண்டு. அந்தத் தொகையைத் தீர்த்தால் ஆட்களை விடுவிப்பதாக அது உறுதி கூறும். அடுத்த தோட்டம் அதைக் கட்டி ஆட்களை எடுக்கும். கடன் மறுபடி அவர்கள் தலையிலேயே ஏறும். கப்பற்செலவும் வழிச்செலவும் அரிசியும் கம்பளியும் கங்காணியின் கணக்கில் சேர்ந்துகொண்டே போகும். தான் பார்க்காத ஏட்டில், தனக்குப் புரியாத கணக்கில், முன்பு எப்போதோ தொடங்கிய கடனைத் தன் உழைப்பால் கழித்துத் தீராமல் சாகும் ஒருவருக்குச் சித்திரகுப்தன் ஏடும் கங்காணி ஏடும் ஒன்றாகத் தோன்றியதில் வியப்பில்லை. 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டப்படி முன்னறிவித்தலின்றி வேலையை விட்டுப் போவது சிறைத் தண்டனைக்குரிய குற்றமாகவும் இருந்தது. அதிர்ஷ்டம், அதாவது கண்ணுக்குப் புலப்படாத வினை, என்று சாத்திரம் சொல்வது வேறு; பெட்டியில் பூட்டி வைத்திருந்ததால் கண்ணில் படாத ஏடு வேறு.

இந்த வேறுபாட்டை உணர்ந்து செயல்பட்ட வேதாந்தி ஒருவர் இலங்கையில் இருந்தார். சர் பொன்னம்பலம் அருணாசலம் (1853–1924) இராமசாமி என்ற ஞானியிடம் பாடம் கேட்டவர். 1890இல் இலங்கை வந்த ஆங்கில எழுத்தாளர் எட்வர்ட் கார்ப்பெண்டரை அதே ஞானியிடம் சேர்த்தவரும் அவரே. அந்தச் சந்திப்பைக் கார்ப்பெண்டர் 1892இல் வெளியான தம் பயண நூலில் விரிவாக எழுதினார். பேதமற்ற நிலையைப் பற்றிக் கார்ப்பெண்டருக்குக் கடிதங்கள் எழுதிய அருணாசலம், 1919இல் தொழிலாளர் நலனுக்கென ஒரு கழகம் தொடங்கி, தோட்டத் தொழிலாளரைச் சிறைக்கு அனுப்பிய தண்டனைப் பிரிவுகளை நீக்கப் போராடினார். 1921இல் துண்டு முறை சட்டத்தால் ஒழிந்தது. தண்டனைப் பிரிவுகளும் அந்த ஆண்டுகளிலேயே நீங்கின. தலைமுறைகளின் கடனாக நின்றது ஒரு சட்டத்தின் முன் நிற்கவில்லை. அருணாசலத்தின் வேதாந்தமும் அரசியலும் தனித்தனிப் பெட்டிகளில் இருந்தன என்று ஒருவர் மறுக்கலாம். இருக்கலாம். ஆயினும் அந்த வேதாந்தம் அந்த அரசியலைத் தடுக்கவில்லை என்பதே இங்கே எனக்குப் போதும்.

தோட்டத்து மக்கள் சங்கரரையும் வித்தியாரண்யரையும் அறியார். மாரியம்மனையும் முனியாண்டியையும், தேயிலைத் தொழிற்சாலையின் சக்கரத்தைக் காக்கும் ரோதைமுனியையும் வணங்குபவர்கள். அவர்களிடம் அத்வைதத்தைத் தேடுவது படித்தவரின் ஆசை என்பது இன்னொரு மறுப்பு. இலங்கைச் சைவரின் மேடைத் தத்துவம் சைவ சித்தாந்தமே என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம். இதில் பெரும்பகுதி உண்மை. ஆனால் அந்த வழிபாடு விதிவாதத்துக்குச் சாட்சி சொல்வதில்லை. நேர்த்திக்கடன் வைப்பவர் நடக்கப்போவதை மாற்றலாம் என்று நம்பியே வைக்கிறார். மலையகத்தின் பெரிய கூத்துகளான காமன் கூத்து, பொன்னர் சங்கர், அருச்சுனன் தபசு ஆகிய மூன்றிலும் விதியும் முயற்சியும் ஒரே களத்தில் மோதுகின்றன. தபசுக் கூத்தில் அருச்சுனன் வேடமிட்டவர் உயர்ந்த தபசு மரத்தில் படிப்படியாகப் பாடிக்கொண்டே ஏறுவார். கீழே நிற்கும் சனம் விடியவிடிய அண்ணாந்து பார்க்கும். பாசுபத அத்திரம் அவனுக்குக் கிடைக்கும் என்பது எல்லாருக்கும் தெரிந்த கதை. ஆனால் ஏறாமல் கிடைத்ததாக எந்த ஊரிலும் ஆடுவதில்லை. காமன் கூத்தில் இரதியோ தன் கனவுகளைச் சொல்லிக் காமனைத் தடுக்கிறாள். காமன் போவது இந்திரன் ஏவலால். வித்தியாரண்யர் பரேச்சை என்று பெயரிட்டதை இந்தக் கூத்து பெயரிடாமலே ஆடிக்காட்டுகிறது.

கடைசி மறுப்பே கடினமானது. உலகின் ஏற்றத்தாழ்வுக்கு ஈசுவரன் பொறுப்பல்ல, சீவர்களின் வினையே காரணம் என்று பிரம்ம சூத்திரமே (2.1.34) சொல்கிறதே, அப்படியானால் கொடுமை செய்பவன் அந்த வினையின் கருவிதானே, குறுக்கிடுவது தெய்வ நீதியில் கைவைப்பதாகாதா? அந்தச் சூத்திரம் ஈசுவரனுக்குப் பாரபட்சம் இல்லை என்று நிறுவ எழுந்தது. ஒரு மனிதனின் கொடுமையை நியாயப்படுத்த அன்று. அதோடு, பிராரப்தம் பலனைக் கொண்டே அனுமானிக்கப்படுவது. பலன் வருமுன் அதைப் படிக்கும் கண் எவருக்கும் இல்லை. ஒருவனது துன்பம் அவன் பிராரப்தம் என்றால், அத்துன்பத்தைத் தீர்க்க வருபவரின் கையும் அதே பிராரப்தத்தில் அடங்கக்கூடும். இந்தக் கோட்பாட்டைக் கொண்டு நாளைக்கு என்ன செய்யலாம், செய்யலாகாது என்று எதையும் பெறுவிக்க இயலாது. அதற்குச் சாத்திரம் வைத்திருப்பது விதி–நிடேதங்களை, அதாவது ‘செய், செய்யாதே’ என்னும் ஆணைகளை. அவை அனைத்தும் கர்த்தாவை நோக்கியே பேசுகின்றன. குடியுரிமை வரலாற்றிலும் கர்த்தா மறைந்திருக்கவில்லை. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டம் மலையகத் தமிழரில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. 1964இல் இந்திய, இலங்கைப் பிரதமர்கள் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று எழுதிக் கையொப்பமிட்டார்கள். விடுபட்ட 1,50,000 பேரை 1974இல் சரிபாதியாகப் பங்கிட்டார்கள். எஞ்சியோருக்குக் குடியுரிமை கிடைத்தது 2003ஆம் ஆண்டின் சட்டத்தால். பறித்த சட்டமும் கொடுத்த சட்டமும் நாடாளுமன்றத்தில் நிறைவேறியவை. 1948இல் யார் எப்பக்கம் வாக்களித்தார் என்பது நாடாளுமன்றப் பதிவேடான ஹன்சாட்டில் அச்சாகி இருக்கிறது.