கிட்டியும் வாக்குமூலமும் – 1855 சென்னை சித்திரவதை விசாரணைக் குழு

கைது செய்யப்பட்ட ஒருவர் காவல்துறை அதிகாரியிடம் கொடுக்கும் குற்ற ஒப்புதல் வாக்குமூலம், நீதிமன்றத்தில் அவருக்கு எதிரான சாட்சியம் ஆகாது. இந்தியச் சட்டத்தில் உள்ள இந்த விதி பலருக்கும் தெரியும். ஆனால் இது உருவானதில் அன்றைய சென்னை மாகாணத்து எளிய குடியானவர்களின் வேதனைக்கும் பங்கு உண்டு என்பது பலருக்குத் தெரியாது.

கிழக்கிந்தியக் கம்பெனி ஆட்சியில் தாசில்தார்தான் நிலவரியை வசூலித்தார். காவல் பொறுப்பும் அவரிடமே இருந்தது. வரி கட்டாதவரைப் பிடித்து வருவதும், திருட்டு வழக்கில் சந்தேகப்படுபவரைப் பிடித்து வருவதும் அதே சேவகர்கள்தான். அடித்தவர் மீது புகார் கொடுக்க வேண்டுமென்றால், அடிக்கச் சொன்னவரிடமே போக வேண்டும். இதுதான் அன்றைய நிலை.

சென்னையில் கஜுலு லட்சுமிநரசு செட்டி முன்னின்று நடத்திய சென்னை சுதேசி சங்கம், மக்களின் குறைகளை இங்கிலாந்து நாடாளுமன்றத்துக்கு எடுத்துச் சென்றது. 1854-இல் அங்கே இது விவாதிக்கப்பட்டது. அதே ஆண்டில் எலியட், ஸ்டோக்ஸ், வழக்கறிஞர் ஜான் புரூஸ் நார்ட்டன் ஆகிய மூவர் கொண்ட குழு சென்னையில் அமைக்கப்பட்டது.

குழு புகார்களை வரவேற்பதாக அறிவித்ததும் மக்கள் பல மைல் தூரம் நடந்து வந்தனர். வர முடியாதவர்கள் கடிதம் எழுதினர். மொத்தம் 1959 புகார்கள் வந்தன. விரல்களைக் கட்டைகளுக்கு இடையில் வைத்து நெரிக்கும் 'கிட்டி', உடலை வளைத்துக் கயிற்றால் கட்டிப்போடும் 'அண்ணாந்தாள்', வெயிலில் நிறுத்துதல், கண்ணில் மிளகாய்ப்பொடி இடுதல் எனப் பல கொடுமைகள் பதிவாயின. வரி வசூலிக்கவும், குற்றத்தை ஒப்புக்கொள்ள வைக்கவும் சித்திரவதை நடப்பது உண்மையே என்று 1855-இல் குழு அறிக்கை கொடுத்தது. 1857-இல் கார்ல் மார்க்ஸ் நியூயார்க் பத்திரிகை ஒன்றில் இந்த அறிக்கையைப் பற்றி எழுதினார்.

இதன் விளைவாக 1859-ஆம் ஆண்டு சென்னை காவல் சட்டம் வந்தது. வரித்துறையும் காவல்துறையும் பிரிக்கப்பட்டன. காவலரிடம் தரும் ஒப்புதல் செல்லாது என்ற விதி 1861-ஆம் ஆண்டு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் இடம்பெற்றது. பிறகு 1872-ஆம் ஆண்டு சாட்சியச் சட்டத்தின் 25-ஆவது பிரிவு ஆனது. அடித்து வாங்கிய வாக்குமூலத்தால் பயனில்லை என்றால் அடிக்க மாட்டார்கள் என்பதே இதன் நோக்கம்.

ஆனால் அதே சட்டத்தின் 27-ஆவது பிரிவு ஒரு சிறு கதவைத் திறந்து வைத்தது. கைதி சொன்ன தகவலால் ஒரு பொருள் கண்டெடுக்கப்பட்டால், அந்தத் தகவலை மட்டும் சாட்சியமாகக் கொள்ளலாம். எனவே அடிப்பதற்கு ஒரு காரணம் மிச்சம் இருந்தது.

1950-இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 22-ஆவது பிரிவு, கைதானவரிடம் காரணத்தைச் சொல்ல வேண்டும், வழக்கறிஞரை அணுக விட வேண்டும், 24 மணி நேரத்துக்குள் நீதித்துறை நடுவர் முன் நிறுத்த வேண்டும் என்றது. 1996-இல் டி.கே.பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் 11 கட்டளைகளை வகுத்தது. கைதுக் குறிப்பில் சாட்சி கையெழுத்து, உறவினருக்குத் தகவல், 48 மணி நேரத்துக்கு ஒருமுறை மருத்துவப் பரிசோதனை ஆகியவை அவற்றில் சில.

இத்தனைக்கும் பிறகு, 2020 ஜூனில் ஊரடங்கு நேரத்தில் கைதான சாத்தான்குளம் வியாபாரியும் அவர் மகனும் உயிரிழந்தனர். அதே ஆண்டு டிசம்பரில், காவல் நிலையங்களில் கண்காணிப்புக் கேமராக்கள் பொருத்த வேண்டும் என்று வேறொரு வழக்கில் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய சாட்சியச் சட்டத்தின் 23-ஆவது பிரிவில் பழைய தடையும் இருக்கிறது, பழைய கதவும் இருக்கிறது.

1855-இல் அந்த மக்கள் அவ்வளவு தூரம் நடந்து வந்ததற்குக் காரணம், அடித்தவரிடமே போகாமல் வேறு ஒருவரிடம் முறையிட ஓர் இடம் கிடைத்ததுதான். கைதானவரின் உரிமை சட்டப் புத்தகத்தில் இருந்தால் மட்டும் போதாது. அவர் குரலைக் கேட்க காவல் நிலையத்துக்கு வெளியே ஒருவர் இருக்க வேண்டும்.